வியாழக்கிழமைப் பல்வலி

மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எனக்கு வியாழக்கிழமை தவறாமல் பல்வலி வந்தது. வாயில் ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது. ஆனாலும் தெருமுனை தாண்டும்வரை கன்னத்தில் கைவைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எதிர்வீட்டு அக்கா இரக்கப்பட்டுக் கிராம்புத் தைலம் கொடுத்தார். தேன்மிட்டாயைத் தெருவில் வைத்துத் தின்னக் கூடாது என்று தடை விழுந்தது. இல்லாத நோய்க்கு இத்தனை பத்தியம் இருந்தவள் விருத்தாசலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நோய் அண்ணனுக்கு. பதினோராம் வகுப்பில் இருந்தான். அப்பா பீங்கான் பொம்மைப் பட்டறையில் வண்ணம் தீட்டுகிறவர். பெயிண்டில் கலக்கும் தின்னர் எங்களுக்கு உப்பு, மிளகாய் போலப் பழகிய சாமான். அதை மோந்து மோந்து அண்ணனால் விடமுடியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், வாரம் ஒருநாள் வந்து போனால் போதும், ஆனால் வீட்டில் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சின்னவளுமா என்று அம்மா கேட்டாள். அவளும்தான் என்றார் அங்கே ஆலோசனை சொல்லும் மேடம். நான்கு பேரும் வாராவாரம் ஒன்றாகப் புறப்பட்டால் தெரு சும்மா விடுமா? அதற்குத்தான் என் பல்.

மேடத்தின் அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் திட்டக் கூடாது. அப்பாவுக்கு அது பெரிய சிரமம். பாதி நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் தரையைப் பார்ப்பான். பிள்ளையை மோந்து பார்க்காதீர்கள், கேட்டுப் பாருங்கள் என்று மேடம் அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மா நன்றாகத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவாள்.

அம்மாவை அண்ணன் கிட்டே அண்டவிட மாட்டான். என்னை விடுவான். ஆகவே மோப்பம் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். பிறகு அடுப்படிக்குப் போய், இல்லை என்று அம்மாவிடம் தலையசைப்பேன். அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி விழும். அதுவரை அம்மா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போதாததற்கு, சந்தேகத்தில் அவனுடைய சட்டைகளையெல்லாம் தினமும் வாரிப்போட்டுத் துவைத்தாள்.

அன்று சனிக்கிழமை, விடாத மழை. மழையில் வண்ணம் காயாது என்று பட்டறைக்கு லீவு விட்டிருந்ததால் அப்பாவும் வீட்டில் இருந்தார். டியூஷன் முடிந்து வந்த அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தின்னர் வாசனை குப்பென்று அடித்தது. அடுப்படிக்குப் போய் ஆமாம் என்று தலையசைத்தேன்.

மேடத்தின் அறையில் அடக்கி வைத்ததையெல்லாம் அப்பா அன்று கொட்டித் தீர்த்தார்.

"நான் தொடலப்பா" என்றான் அண்ணன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டான்.

இருட்டத் தொடங்கியும் வரவில்லை. அவனோடு படிக்கிறவர்களின் வீடுகளுக்கெல்லாம் அம்மா போன் போட்டாள். எங்கும் இல்லை. ஜங்ஷன், தண்டவாளம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவும் எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. தேடிக் கிளம்பிய அப்பா, ஆணியில் மாட்டியிருந்த பட்டறைச் சட்டையை எடுக்கப் போனார். ஆணியில் சட்டை இல்லை. கொடியில் அண்ணனின் சட்டைகள் ஒன்று பாக்கியில்லாமல் ஈரமாகத் தொங்கின.

அந்த வருடம்தான் அண்ணன் அப்பா உயரத்துக்கு வளர்ந்திருந்தான். போட்டுக்கொள்ளக் காய்ந்த சட்டை இல்லாமல், தின்னர் வாசனை ஊறிய அப்பாவின் பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் அவன் கண்ணையும் முகத்தையும்தான் ஆராய்ந்தோம். சட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணிமுத்தாற்றுப் பாலம், ஜங்ஷன், பஸ் ஸ்டாண்ட் என்று அப்பாவின் மொபெட்டில் மூன்று பேரும் சுற்றினோம். ஆற்றுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வழியாக வரும்போது கேட்டுக்குள் அவனுடைய சைக்கிள் தெரிந்தது. மேடத்தின் அறை பூட்டியிருந்தது. அதன் வெளியே பெஞ்சில், நனைந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வியாழக்கெழமதான் மேடம் வருவாங்கன்னு சொன்னேங்க. பரவால்ல, செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்னுது புள்ள" என்றார் வாட்ச்மேன்.

அப்பா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் போட்டிருந்த தன் சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டார். இனிமேல் துணியை நீயே துவைச்சுக்கடா என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்பார்கள்.

தெருவுக்குத் திரும்பியபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். நாங்கள் அரக்கப்பரக்கக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறார். பாப்பாவுக்கு மறுபடியும் பல்வலியா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் என் கை கன்னத்துக்குப் போயிற்று. அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"அவ பல்லு நல்லாத்தான் இருக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறது எனக்கு. தின்னர் மோந்துக்கிட்டு இருந்தேன். இப்ப இல்ல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியத்தைப் போட்டு உடைத்தவனை அப்பா ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், நான் தெருவில் நின்று தேன்மிட்டாய் தின்பதற்காகத்தான் அண்ணன் அப்படிச் சொன்னான் என்று முடிவுகட்டினேன். மறுநாள் அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கித் தின்றான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்பே சோறு வெந்து இறக்கியிருந்தது. அம்மாவுக்கு அன்று சீக்கிரமே பசி எடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.