ஊல்கானின் ஏழு குதிரைகள்

ஊல்கானின் பெயர் எங்கள் காதில் முதலில் விழுந்தது ஒரு கல்யாணப் பந்தியில். என் மூத்த மருமகளுடைய சித்தி மகன் கல்யாணம் அது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கையேந்தி வாழ்த்தியபோது, மணமக்கள் பெயருக்கு அடுத்து, “மாஸ்கோவுல இருக்கிற ஊல்கானுக்கு ஒரு குறையும் வரக் கூடாது” என்று ஒரு பெரியவர் சேர்த்துக்கொண்டார். அவள் கறுப்பா சிவப்பா என்று பந்தியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவள் அங்கே ஒன்பது மாடிக் கட்டடத்தில் படிக்கட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுப்போன மறு வருஷம், ஐந்து வயது மகள் பெர்மெத்தைத் தம்பி பாகாஸ் வீட்டில் விட்டுப் போனவள். ஓர் அறையில் எட்டுப் பெண்கள். கறி வாரத்துக்கு ஒரு நாள். மிச்சம் பிடித்ததெல்லாம் தம்பிக்குப் போகும். அவன் அதைப் பெட்டைக் குதிரையாக வாங்கிவிடுவான். எங்கள் மலைப் பக்கத்தில் வங்கியை யார் நம்பினார்கள்? குதிரை தானாக மேயும், குட்டியும் போடும். எட்டு வருஷத்தில் ஏழு குதிரை. குட்டி பிறந்தால் கைபேசியில் படம் வரும். ஏழையும் விற்றால் நாரின் நகரத்தில் இரண்டறை வீடு ஒன்று கிடைக்கும். விலை பேசி, விற்பவரை மாதக் கடைசிவரை பொறுக்கச் சொல்லியிருந்தாள். வீடு கைக்கு வந்தால் மகளோடு இருந்துவிடலாம். திரும்பிப் போக வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா இறந்தார்.

பெரிய சாவு என்றால் வந்தவர்களுக்குக் கறி போட ஒரு குதிரையாவது விழ வேண்டும். ‘அக்கா குதிரைதான் இருக்கே’ என்பார்கள். ஒன்று போனாலும் வீடு போச்சு. விமானத்தில் வரும்போதே என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். மகள் என்பதால் உள்ளே கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஆள் வர வர அவள் ஒப்பாரி வைக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. கம்பளிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பேசுவது அப்படியே கேட்டது.

“குதிரைக்கு என்னப்பா வழி?” சித்தப்பா ஷாமெனின் குரல்.

ஊல்கான் ஒப்பாரியைத் தாழ்த்தினாள்.

“என் சிவப்புக் குதிரை இருக்கே” என்றான் பாகாஸ்.

“இருக்கிறது அது ஒண்ணுதானேடா. ஆடு மேய்க்க நடந்தா போவ?”

“நடந்துட்டுப் போறேன்.”

பக்கத்தில் இருந்த அத்தை அவள் முதுகைத் தடவி, “தம்பின்னா இப்படி இருக்கணும்டி” என்றாள்.

யாருமே அவளுடைய குதிரைகளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கேட்காததுதான் உறுத்தியது. அதற்குள் வாசலில் புது ஆட்கள் அழுதுகொண்டு வந்தார்கள். அவளும் குரலெடுத்து அழுதாள். வாய் அப்பாவைப் பாடியது. காது வெளியே இருந்தது. கத்தி தீட்டும் சத்தம் கேட்டது.

யாரும் செய்யாததை அவள் செய்தாள். கம்பளியின் அடி ஓரத்தைத் தூக்கினாள்.

“சித்தப்பா! சிவப்புக் குதிரையை விடுங்க. என் பெட்டையில ஒண்ணைப் பிடிச்சு வாங்க.”

கத்தி தீட்டுவது நின்றது.

“அதெல்லாம் மேல மலையில நிக்குதுக்கா. பனி மூடியிருக்கு” என்றான் பாகாஸ்.

“எத்தனை நிக்குது?”

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். ஷாமென்தான் தடுமாறினார். “எந்தக் குதிரைம்மா? நாலு கல்யாணம், மூணு சாவு, எல்லாத்துக்கும் உன் பேரைச் சொல்லித்தானே வெட்டினோம். நீ சொல்லித்தான் இவன் குடுக்கிறான்னு இருந்தோம்.”

“அப்ப எனக்கு அனுப்பின படம்?”

“பக்கத்து வீட்டுக் குதிரைங்க” என்றான் பாகாஸ். “நான் என்னக்கா செய்ய? ‘அக்கா மாஸ்கோவுல சம்பாதிக்கிறா, நீ ஒத்தை ஆட்டோட வந்து நிக்கிறியே’ன்னு கேக்குறாங்க. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்...”

“கெட்டுப்போயிருந்தா நான் வீடு வந்து சேர்ந்திருப்பேன்டா!”

கூடாரத்துக்குள் ஒருத்தியும் அழவில்லை. வெளியே சிவப்புக் குதிரையை இழுத்துப் போனார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷாமென் சமாதானம் பேச வந்தார். “தின்னதை யாரும் கக்க முடியாதும்மா. உனக்கு அங்க வேலை இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் போய்ட்டு வா.”

ஊல்கான் எதிரே இருந்த மகளைப் பார்த்தாள். பதின்மூன்று வயது, அம்மாவிடம் இன்னும் கூச்சம், தேநீரைக்கூடத் தூரத்திலிருந்து நீட்டினாள்.

“வேலை இருக்கு. பாகாஸ் போகட்டும். படிக்கட்டுத் தேய்க்க ஆம்பளைக்கும் கை இருக்குல்ல? வீடும் ஆடும் அதுவரைக்கும் என் பொறுப்பு. ஏழு குதிரைக்கும் இவன் பதில் சொல்லிட்டு வரட்டும்.”

“அவருக்குக் குளிர் ஒத்துக்காது” என்றாள் பாகாஸின் மனைவி.

“கவலைப்படாதே. எட்டுப் பேர் மூச்சு விட்டா ரூம் சூடாத்தான் இருக்கும்.”

ஷாமென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாகாஸ் தரையைப் பார்த்தபடி, “போறேன் சித்தப்பா” என்றான். நாற்பதாம் நாள் கழிந்ததும் பஸ் ஏறினான்.

நாரின் வீட்டை மாதக் கடைசியில் வேறு ஆள் வாங்கிக்கொண்டார். ஊல்கான் இப்போது தம்பி வீட்டின் பின்னறையில் மகளோடு இருக்கிறாள்.