கோவளத்தில் ஒரு சனி, ஞாயிறு

ஜைத்தூன் பீவிக்குக் கல்யாணம் ஆனது எண்பத்தைந்தில். பூந்தமல்லியில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் புகுந்த வீடு. மாமனார், மாமி, இரண்டு நாத்தனார்கள், கணவனின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் கணவன் அபுதாகிர் சவுதிக்கு, தம்மாமுக்குப் போய்விட்டான். குளிர்பதன மெக்கானிக் வேலை. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியவர்கள் இல்லை. ஆனால் பகல் முழுக்க அவளிடம் யாராவது பேசினால் அது உப்பு எங்கே, துணி காய்ந்ததா, குழந்தையைப் பிடி என்பதாகத்தான் இருக்கும். ஒருநாள் காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. சாயங்காலம் வரை அது யாருக்கும் தெரியவில்லை.

எண்பத்தெட்டில் அபுதாகிர் நாற்பது நாள் விடுமுறையில் வந்தான். வந்த அன்றிலிருந்து வீட்டில் விருந்தாளிகள். ஆண்கள் முன்கட்டில், பெண்கள் அடுப்படியில். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அவள்தான் சமைத்தாள், பரிமாறியது மாமி. திரும்பிப் போகும் நாள் மீனம்பாக்கத்துக்கு ஒரு வேனில் எல்லோரும் ஏறினார்கள். இடம் போதாமல் இருவரும் கடைசி இருக்கையில் ஒட்டி உட்கார நேர்ந்தது. போரூர் தாண்டியதும் அவன் குனிந்து, "அடுத்த வாட்டி ரெண்டு நாள் எங்கனா போவலாம் ஜைத்தூனு. நீயும் நானும் மட்டும். கடலாண்ட" என்றான்.

அழுதுகொண்டிருந்தவளைத் தேற்றச் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டு வருடமும் அவளுக்கு அதுதான் வேலை. அடுப்படியில் வெங்காயம் உரிக்கும்போதும், மாடியில் துணி உலர்த்தும்போதும் எந்த ஊர், எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். மெரினா ஆகாது. திருவல்லிக்கேணியில் மாமியின் தங்கை வீடு இருந்தது. யார் கண்ணிலாவது பட்டால் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். பழவேற்காட்டிலும் சொந்தக்காரர்கள். மகாபலிபுரத்தில் தங்க இடம் உண்டு, ஆனால் ஹலாலாக அறுத்த கறி கிடைக்குமா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அபுதாகிர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவன். தெரியாத இடத்தில் டீயும் பிஸ்கட்டும் தின்று பசியோடு கிடப்பானே தவிர வாய் வைக்க மாட்டான். அப்படி அவனை ஊர் பார்க்க அழைத்துப் போவதில் என்ன இருக்கிறது?

இதையெல்லாம் அவள் பேச முடிந்தது ஒருத்தியிடம்தான். எதிர்வீட்டு தெரசா. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்பு கம்பெனியில் வேலை பார்த்தவள், முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவள். தண்ணீர்க் குழாயடியில் இருவருக்கும் சிநேகம்.

"கோவளம் போங்களேன்" என்றாள் தெரசா. "எங்க அத்தை ஊடு அங்கதான் கீது. மாடில ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது."

"அங்க தர்கா இருக்கே. கோவளம்னு சொன்னா மாமியும் கூடவே பொறப்பட்டுடுவாங்களே."

"அதெல்லாம் உன் வூட்டுக்காரர் பார்த்துக்கட்டும். நீ மொதல்ல எடத்தப் பாரு."

அத்தையைப் பார்க்கத் துணை வேண்டும் என்று மாமியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரசா அவளை அழைத்துப் போனாள். மூன்று பஸ் மாறிப் போனார்கள். தெரசாவின் அத்தை ஞானகுமாரி விதவை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கட்டுமரங்களும் அதற்கப்பால் கடலும். கிழக்கே கடல் என்பதால் மேற்கு பார்த்துத் தொழும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்பதைக்கூட ஜைத்தூன் கணக்குப் பண்ணிக்கொண்டாள். ஒன்றைத்தான் கேட்கத் தயங்கினாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தப் பாத்திரத்துல பன்னிக்கறி..."

ஞானகுமாரி சிரித்தாள். "கிறிஸ்துமஸுக்கு ஆக்குவோம்மா, உங்கிட்ட இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? உங்களுக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி எடுத்து வெச்சுடறேன். கோழி நம்ம பள்ளிவாசலாண்ட பாய் கடையில ஓதி அறுத்தது. மீனு எப்படியும் உங்களுக்கு ஆவும். நீ அடுப்படிப் பக்கமே வராத, ரெண்டு நாளும் நான் ஆக்கிப் போடறேன்."

வேறொருவர் சமைத்து உட்கார்ந்து சாப்பிடுவதை ஜைத்தூன் கல்யாணத்துக்குப் பிறகு நினைத்துப் பார்த்ததே இல்லை. திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அவளே பேசிக்கொண்டு வந்தாள். தெரசா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து தம்மாமுக்குப் போன ஒவ்வொரு கடிதத்திலும் கோவளம் இருந்தது. மாடி அறை, ஜன்னல், பாய் கடை, கடற்கரையில் எந்தப் பக்கம் கூட்டம் இல்லாமல் இருக்கும் என்பது வரைக்கும் எழுதினாள். பதிலில் அவன் எழுதியது எப்போதும் ஒரே வரி: 'நீ எழுதியதைப் படித்தேன். இன்ஷா அல்லாஹ் போகலாம்.'

தொண்ணூறு பிப்ரவரியில் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். நோன்பு தொடங்குவதற்குள் திரும்ப வேண்டும். விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். நான்கு வாரம் ஓடிவிட்டது. ஜைத்தூன் வாய் திறக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனே சொன்னான்: "அம்மா, சனிக்கிழமை நானும் இவளும் கோவளம் போறோம்."

"தர்காவுக்கா? நானும் வரேன். எனக்கும் ஒரு நேர்ச்சை கீது."

"இல்லம்மா. நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

மாமி தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். சனிக்கிழமை அவர்கள் புறப்படும் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. அபுதாகிர் அதற்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தனக்காக ஒருவர் இப்படி நின்றது ஜைத்தூனுக்கு அதுவே முதல் தடவை.

பதினோரு மணிக்குக் கோவளம் போய்ச் சேர்ந்தார்கள். அவள் மாடிக்கு ஏறியதும் ஜன்னலைத் திறந்து, "பாருங்க மச்சான்" என்றாள்.

அவன் பார்த்தான். "ம். நல்லா கீது."

"எம்மாம் பெருசு!"

"அங்க இத்தத்தான் தினம் பாக்குறேன். நம்ம வேலையே ஹார்பர்லதான? மீனு, கறி வெக்கிற கோல்ட் ஸ்டோரேஜு. வெளிய வந்தா கடலு. உள்ள போனா ஐஸு."

ஜைத்தூன் ஜன்னலிலிருந்து திரும்பினாள். ஐந்து வருடக் கடிதங்களில் அவன் இதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. "ஏன் சொல்லல? வேற எங்கனா போயிருக்கலாமே."

"நீ ஆசை ஆசையா எழுதிக்கினு இருந்தே. அதுல போயி இன்னாத்த சொல்றது."

பகலுக்கு ஞானகுமாரி கோழிக் குழம்பும் வஞ்சிரம் வறுவலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஐந்து நிமிடத்தில் தின்று முடித்தான். எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவினான். பிறகு அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்று அவள் தட்டையும் வாங்கிக் கழுவினான். லுஹர் தொழுதான். "கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று கட்டிலில் சாய்ந்தான்.

அவ்வளவுதான். அசருக்கு எழுந்தான், தொழுதான், படுத்தான். மஃரிபுக்கும் அப்படியே. நடுவில் அவள் இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தாள். கண் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தூங்கினான். கால் மணி நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கி மணலில் போய் உட்கார்ந்தாள். கூட்டமில்லாத பக்கம் என்று எழுதியிருந்தாளே, அந்தப் பக்கம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், "தனியாவா வந்த பாய்மா?" என்று கேட்டாள்.

"இல்ல, அவரு மேல கீறாரு" என்றாள் ஜைத்தூன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அலையில் கால் நனைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். தனியாக இறங்கப் பிடிக்கவில்லை. இருட்டுவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பிறகு அவன் படுக்கவில்லை. வெட்கப்பட்டவன்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கோவமா?"

"இல்ல."

"அங்க ஒரு ரூமுக்குப் பதினாறு பேரு. கட்டிலு எட்டு. நான் எழுந்தா அதுல இன்னொருத்தன் படுப்பான். நைட் ஷிப்டு முடிச்சு வந்து தலமாட்டுல நின்னுகினு இருப்பான். பாவம், எழுப்ப மாட்டான். ஆனா நிக்கிறான்னு தெரியும்ல, எப்படித் தூங்கறது? நம்மூட்லயும் யாரனா வந்துகினே இருக்காங்க. நேத்து படுத்தேன். கட்டிலுக்கு யாரும் நிக்கல. அசந்துட்டேன் ஜைத்தூனு."

அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க ஐஸில் வெடித்த வெடிப்பு. அவன் இன்னும் சிறிது நேரம் அறை நண்பர்களைப் பற்றிச் சொன்னான். அவள் என்ன செய்கிறாள், நாள் எப்படிப் போகிறது என்று கேட்டான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "போவுது" என்றாள். நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பத்து நாளில் அவன் தம்மாமுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே மோசமானவை என்று ஜைத்தூன் சொல்லுவாள். கோவளத்தை யோசித்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அவன் அவளோடு இருந்ததுபோல் இருந்தது. இப்போது வெங்காயம் உரிக்கும்போது நினைக்க எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு தெரசா கல்யாணமாகி ஆவடிக்குப் போய்விட்டாள். குழாயடியில் ஜைத்தூன் குடத்தை நிரப்பிக்கொண்டு நேராக வீடு திரும்பினாள். குழந்தை இல்லையே என்று ஊர் கேட்டது. அதற்கு அவளிடம்தான் பதில் கேட்டார்கள்.

தொண்ணூற்றேழில் அபுதாகிர் முதுகுவலியோடு ஒரேயடியாக வந்து சேர்ந்தான். காட்டுப்பாக்கத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை போட்டான். கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. முதல் தடவையாக இருவர் மட்டும். முதல் மாதம் அந்த வீட்டில் மிக்சி ஓடும் சத்தம்தான் அதிகம் கேட்டது. பழக்கமில்லாத இரண்டு பேர் ஒரு வீட்டில் குடியிருப்பதுபோல இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, அன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் எதிர்வீட்டு நாயிடம் பட்ட பாட்டை அவள் தானாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் "ம்" என்றான். சோற்றை அள்ளாமல் கையை நிறுத்தி, அவள் முடிக்கும் வரை கேட்டான். மறுநாளும் ஏதோ சொன்னாள். அப்படியே பழக்கமாகிவிட்டது.

ஆவடியிலிருந்து பார்க்க வந்த தெரசா ஒருமுறை இதைக் கவனித்துவிட்டு, "இன்னா ஜைத்தூனு, நீயே பேசிக்கினு கீற. அவரு 'ம்'முன்றாரு. அது போதுமா?" என்று கேட்டாள்.

"போதாதுதான்" என்றாள் ஜைத்தூன். கடையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு டீ கொண்டுபோக எழுந்தாள்.