மெர்சியின் மொழிபெயர்ப்பு

கன்னடர்களும் தமிழர்களும் கலந்து வாழும் காக்ஸ் டவுனில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறையக் கூடாது என்பதால், படிப்பில் பின்தங்கியவர்களை ஒன்பதாவதோடு டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வது எங்கள் வழக்கம். அதைப் பெற்றோரிடம் சொல்வது என் வேலை.

போன வருடம் மார்ச்சில் மெர்சியின் அம்மா வந்தார். ஈஜிபுராவில் வீட்டுவேலை செய்பவர், ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்ற விதியைச் சாக்காக வைத்து நான் ஆங்கிலத்திலேயே பேசினேன். பக்கத்தில் நின்ற மெர்சி தமிழில் சொன்னாள்.

"அம்மா, எனக்குப் படிப்பு ஏறலையாம். அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்கணுமாம்."

நான் சொன்னதில் எதையும் அவள் மறைக்கவில்லை.

எழுந்தபோது அந்த அம்மாவுக்குக் கால் தடுக்கியது. "பாத்து, அம்மா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க தமிழா மிஸ்? அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமே. புள்ள வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்களே."

அடுத்த வாரம் மெர்சி டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வருடம் பத்தாவதில் எல்லோரும் தேர்ச்சி. அசெம்பிளியில் தலைமையாசிரியை சிஸ்டர் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார். சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

அன்று நான் விதிக்குப் பயப்படவில்லை. தமிழில் என்றால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத்தான் பயந்தேன்.

இந்த மார்ச்சிலும் மூன்று பிள்ளைகளை அனுப்பினேன். அவர்களின் பெற்றோரிடம் தமிழில் நானே சொன்னேன். என்னிடம் வந்த மாற்றம் அவ்வளவுதான்.