முட்டுது

எனக்கு வாய் அதிகம், பொறுமை கொஞ்சம். தென்காசியில் நான் பார்க்கிற வேலைக்கோ பொறுமை இல்லாமல் கதை ஆகாது. தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும் பெண்களுக்கு, இடுப்புக்கு அடியில் தாங்கி நிற்கும் தசைகளைப் பழக்கிக் கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். "ஒனக்கு வேற சோலியே கெடைக்கலயாட்டி?" என்று இலத்தூரில் என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்.

முதலில் வேறு சோலிதான் பார்த்தேன். பத்து வருடம் தோள், கழுத்து, முட்டு. எங்கள் பக்கம் முழங்காலுக்கு முட்டு என்றுதான் பேர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் தும்மினேன். இலை எடுக்க வந்தவர் முறைத்துப் பார்த்தும் நான் எழுந்திருக்கவில்லை. படித்த எனக்கே அதை வெளியில் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. என் மேலேயே வந்த அந்தக் கோபத்தில்தான் எறணாகுளம் போய் இந்தச் சிகிச்சையைப் படித்துவந்தேன்.

படித்து வந்தும் கோட்டை விட்டேன். ஒரு வைகாசியில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் மனைவியைக் கூட்டிவந்தார். ஐம்பதை நெருங்கும் அம்மா. "என்ன செய்யுது?" என்று கேட்டேன். கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "முட்டுது" என்றார், சன்னமாக.

"முட்டா? எந்த முட்டு?" என்றேன் நான், தெருவுக்கே கேட்க.

"ரெண்டும்னு எழுதுங்க, மாடி ஏற மாட்டேங்கா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் இரண்டு முட்டுக்கும் கரண்டு வைத்தேன்.

மூன்றாவது வாரம் எரிச்சலாகவே கேட்டேன். "அக்கா, முட்டு நல்லாத்தான இருக்கு. இன்னும் எதுக்கு வாரிய?"

அழுதுவிட்டார். "முட்டுல ஒன்னுமில்ல டாக்டரம்மா. ஒன்னுக்குத்தான் முட்டுது. எந்திரிக்கதுக்குள்ள போயிருது. அன்னைக்கே சொன்னம்லா?"

"அட, நான் ஒரு மூதி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அழுதவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் தொடைகளை இறுக்கிக்கொண்டு அதை விழுங்கிவிட்டார். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆவணியில் சிவகிரியில் அவர் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் பட்டுப்புடவை நனைந்துவிட்டால் என்ன செய்ய? முட்டு வலி, வர முடியாது என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். மகள் போனை எடுப்பதில்லை. "குத்தாலம் ஐந்தருவியில மட்டுந்தான் டாக்டரம்மா நான் மனசு விட்டுச் சிரிப்பேன். அங்கன எல்லாவளும் நனஞ்சிதான நிக்கா, எவளுக்குத் தெரியப் போவுது?"

இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இவர் வருடக்கணக்கில் பயந்து இறுக்கியே வைத்திருந்தார். ஓய்வே இல்லாத தசை அவசரத்துக்கு உதவாது. அதனால் முதலில், மல்லாந்து படுத்து மூச்சை இழுக்கும்போது கீழே தளர விடுவதற்குத்தான் பழக்கினேன். பிறகுதான் இறுக்கம்: நாலு பேர் நடுவில் காற்று போய்விடாமல் அடக்குவோமே, அந்தத் தசையை மட்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறு கல்லாகக் கூடாது. தும்மல் வருகிறதென்றால் அதற்கு முன்னால் ஓர் இறுக்கு. பயந்துபோய் நிறுத்தியிருந்த தண்ணீரையும் குடிக்க வைத்தேன்.

"வீட்டுல என்ன செய்யுதன்னு கேட்டா?"

"முட்டுக்குப் பயிற்சின்னு சொல்லுங்க. பொய்யா அது?"

நன்றாகத்தான் போனது. ஆடிச் சாரலில் சளி பிடித்து, இருமி இருமிப் பழையபடி ஆகிவிட்டது. "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று வராமல் இருந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நேரே கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, அக்காவ அனுப்பி வைங்க, முட்டு பாதியில நிக்கு" என்றேன். மறுநாள் காலையில் அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மகளும் ஒருவழியாகப் போனை எடுத்தாளாம்; வளைகாப்புக்கு வருவதாகச் சொல்லிவிட்டாராம்.

வளைகாப்பு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் போன் வந்தது. பின்னால் ஒரே குலவைச் சத்தம்.

"டாக்டரம்மா, சம்பந்தியம்மா ஒரு கத சொன்னாவ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"நீங்க?"

"நானுந்தான்."

"புடவை?" என்றேன்.

"இங்கன என்ன அருவியா விழுது, நனையதுக்கு?"