பத்து நிமிஷக்காரி

அந்த வார்டில் அவளை முன்னால் சிஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பத்து நிமிஷக்காரி என்பார்கள். கால்சியம் ஊசியைக் கையில் எடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கை ஊசியில், மறு கை நாடியில், கண் சுவர்க் கடிகாரத்தில். பத்து மில்லி மருந்துக்குப் பத்து நிமிஷம். டெலிபோன் அடித்தாலும் அசையமாட்டாள், பெரிய டாக்டரே கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டாள்.

"பக்கத்து வார்டுல நாலு பேருக்குக் குத்தி முடிச்சாச்சு. நம்ம சிஸ்டர் இன்னும் ஒருத்தர் கையைத் தாலாட்டிட்டு இருக்காங்க" என்று ஆயா சிரிப்பாள்.

அந்த நிதானம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். புறங்கையில் போட்டிருந்த ஊசி நரம்பை விட்டு விலகிப்போய், கால்சியம் தோலுக்கடியில் கசிந்தது. எரிகிறதென்று ஆம்பிளை வாய்விட்டுச் சொல்வதா என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டார். மறுநாள் அந்த இடம் கறுத்தது, பிறகு தோல் கழன்றது. ஏழு வாரம் கட்டு மாற்றியவள் அவள்தான். புண் ஆறியது, ஆனால் விரல்கள் ஸ்டியரிங்கைச் சுற்றி மடங்கவேயில்லை. அதற்குப் பிறகு அவளை யாராலும் அவசரப்படுத்த முடிந்ததில்லை.

இனி நாத்தனார் கதை. சிஸ்டரின் புருஷனோடு பிறந்தது மூன்று பெண்கள். கடைசியாள் சாது. நடுவிலவள் கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து நல்லது கெட்டதுக்கு மட்டும் வருவாள். மூத்தவள் தையல்காரி, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தன் அப்பா செத்த அன்றைக்கு, அதாவது இவளுடைய மாமனார் செத்த அன்றைக்கு, இவள் வந்து சேர்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அவர் கண் மூடிவிட்டார். கடைசியாக அவர் கேட்டது மருமகளைத்தான். "ஊரார் வீட்டு நோயாளிக்கெல்லாம் ஓடுறவளுக்கு எங்கப்பாவுக்கு வர வழி தெரியலை" என்று சொல்லிவிட்டு மூத்தவள் பேச்சை நிறுத்தினாள். பதினோரு வருஷம் ஆயிற்று. விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் பேச்சு மூன்றாம் மனுஷர் வழியாகத்தான் போகும். "தண்ணி வேணுமான்னு உங்கம்மாகிட்ட கேளு." "வேண்டாம்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மூத்தவள்தான் கழுத்தில் தைராய்டு கட்டி என்று அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாள். பத்து மணிக்கு இவள் ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டினாள். பட்டை இறுகியதும் நாத்தனாரின் வலது கைவிரல்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்து மொட்டு மாதிரி குவிந்துகொண்டன. பட்டையை அவிழ்த்தும் விரிய நேரமாயிற்று. ஊசியில் நூல் கோக்கிற கை. நாத்தனார் அதைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

இவளுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அரிசி அளவில் நாலு சுரப்பி உண்டு. ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கிறவை அவைதான். ஆபரேஷனில் அவை அசந்துபோனால் கால்சியம் இறங்கும், கைகால் இழுக்கும், விட்டால் மூச்சுக்குழலும் இறுகும். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "ஒரு ஆம்பூல் கால்சியம், பத்து மில்லி, நரம்பு வழியா. நீங்களே போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிப் போனார்.

நாத்தனார் மகள் கட்டில் ஓரத்தில் நின்றாள். "அத்தை, சீக்கிரம் போடுங்க. அம்மா கை இழுக்குது."

"போடுறேன்மா. உங்கம்மா இதயத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா? சிலது கால்சியத்தோட ஒத்துக்காது."

"இல்லை."

அடுத்து இவள் நாத்தனாரின் புறங்கையில் ஏற்கெனவே இருந்த ஊசியைப் பார்த்தாள். அதில்தான் காலையில் வேறு மருந்து ஏறியிருந்தது. சில மருந்துகள் கால்சியத்தோடு ஒரே குழாயில் சந்தித்தால் வெள்ளையாகத் திரிந்து மணல் மாதிரி இறுகிவிடும். அதோடு புறங்கை என்றாலே அவளுக்கு அந்த டிரைவர் நினைவு. அதை விட்டுவிட்டு முழங்கை மடிப்பில் பெரிய நரம்பைத் தேடிப் புதிதாகக் குத்தினாள்.

"ஒரு ஊசி இருக்கே, எதுக்கு இன்னொண்ணு? பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா?" என்றாள் மகள்.

"பழசு மனசுல இருக்குதான். ஆனா அது வேற ஆளு" என்று மட்டும் சொன்னாள்.

உப்புத் தண்ணீர் செலுத்திப் பார்த்தாள், வீக்கமில்லை. மார்பில் ஒட்டிய வயர்கள் திரையில் கோடு ஓட்டின. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. உடம்பு கதகதன்னு ஆகும், வாயில சுண்ணாம்பு ருசி தட்டும். அதுக்கெல்லாம் பயம் வேண்டாம். ஊசி இருக்கிற இடம் எரிஞ்சா மட்டும் உடனே சொல்லணும்."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு" என்றாள் நாத்தனார், கூரையைப் பார்த்தபடி.

மருந்து இறங்கத் தொடங்கியது. முதல் நிமிஷம். இரண்டாவது நிமிஷம்.

"சுண்ணாம்பு வந்துடுச்சுன்னு சொல்லு."

"அத்தை, சுண்ணாம்பு வந்துடுச்சாம்."

மூன்றாவது நிமிஷத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து, ரத்தச் சீட்டில் கையெழுத்து வேண்டும் என்று மகளை அழைத்துப் போனான். அறையில் இரண்டு பேரும் கடிகாரமும்தான். தூது போக ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் கை மறுபடி இழுத்தது. முழங்கை வெடுக்கென்று மடங்கியது. இவள் அழுத்துவதை நிறுத்திக் கையை மெல்ல நீட்டிவைத்தாள். வெளியில் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு தள்ளினாள். நாத்தனாரின் கால் கட்டைவிரல் போர்வைக்கடியில் சுருங்கியது. முகத்தில் ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாகப் பழகிய முகம் அது.

இவள் ஊசியை அப்படியே நிறுத்திப் பிடித்தாள்.

"அண்ணி, இந்தப் பத்து நிமிஷம் மட்டும் என்கூடப் பேசுங்க. முடிஞ்சப்புறம் இன்னும் பதினோரு வருஷம் பேசாம இருங்க, நான் கேக்கமாட்டேன். எரியுதா?"

நாத்தனார் உதட்டைக் கடித்தாள். கடிகார முள் அரை வட்டம் போயிற்று.

"எரியுதுடி" என்றாள். "நெருப்பு வச்ச மாதிரி எரியுது."

அதற்குமேல் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. உள்ளே தங்கியதை அதே ஊசி வழியாக முடிந்தவரை திரும்ப உறிஞ்சி எடுத்தாள். பிறகுதான் ஊசியைக் கழற்றினாள். கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து, சிவக்கத் தொடங்கிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள், பரவினால் தெரியுமென்று. வாசலில் போன ஆயாவைக் கூப்பிட்டு டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு இடது கையில் நல்ல நரம்பாகப் பார்த்துக் குத்தி, மீதி மருந்தை மறுபடி மெதுவாக ஏற்ற உட்கார்ந்தாள்.

"இப்ப எரியுதா, அண்ணி?"

"இல்லை. எரிஞ்சா நானே சொல்றேன், நொய்நொய்னு கேக்காதே." கொஞ்சம் பொறுத்து, "எங்கப்பா போன அன்னைக்கு நீ எங்கேடி இருந்தே?" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை அவள் மூன்றாம் மனுஷர் வழியாகக் குத்திக்காட்டத்தான் வீசியிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருந்தது அன்றுதான்.

"இதே வார்டுலதான். கிட்னி கெட்டுப்போன ஒருத்தர், ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நிக்கப் பார்த்துச்சு. கால்சியம் போட்டுக்கிட்டு இருந்தேன். அஞ்சாவது நிமிஷத்துல மாமா மோசம்னு ஆள் வந்து சொன்னாங்க. கைமாத்தி விட வேற நர்ஸ் இல்லை. பாதியில எழுந்திருக்க முடியலை."

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நீங்க எங்கே கேட்டீங்க? திட்டினீங்க."

திரையில் கோடு ஒரே சீராக ஓடியது. நாத்தனார் கூரையை விட்டு முகத்தை இவள் பக்கம் திருப்பினாள்.

"அந்த ஆளு பொழைச்சானா?"

"பொழைச்சார். நாலு வருஷம் இருந்தார்."

"ம்."

மகள் சீட்டோடு திரும்பி வந்தபோது மருந்துக் கணக்கில் எட்டாவது நிமிஷம் நடந்துகொண்டிருந்தது. "அம்மா எப்படி இருக்காங்க, அத்தை? ஏதாவது வேணுமான்னு கேட்டீங்களா?"

"நானே சொல்லிக்கறேன், நீ உட்காரு" என்றாள் நாத்தனார். தலையணைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நூல் திரிப்பதுபோல் உரசிப் பார்த்தாள். வந்தது.

மறுநாள் காலை இவள் முதல் வேலையாகப் பேனாக் கோட்டைப் பார்த்தாள். சிவப்பு கோட்டுக்குள்ளேயே சுருங்கி வெளிறியிருந்தது. நாத்தனார் மாத்திரையாகக் கால்சியம் விழுங்க ஆரம்பித்திருந்தாள். விழுங்கிவிட்டு இவளுடைய வெள்ளைச் சட்டையின் தோளைச் சுட்டிக்காட்டினாள்.

"தையல் விட்டிருக்கு பாரு. கழற்றிக் குடு, வீட்டுக்குப் போனதும் போட்டுத் தரேன். ஆனா அவசரப்படுத்தாதே. நானும் மெதுவாத்தான் செய்வேன்."