வேலைக்காரி இல்லாத நாடகம்

என் பெரியப்பா மேடையில் ஏழைகளுக்காக அழுவதில் கெட்டிக்காரர். அதற்காக அவருக்கு இரண்டு தடவை பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். பெரியப்பா பக்கத்து மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருந்தார். ஊரில் பலமுறை மேடையேறிய பழைய நாடகமொன்றை அவர் ரொறன்ரோவில் போட வெளிக்கிட்டார். பணக்கார வீடொன்றின் வேலைக்காரி கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டார் ஒவ்வொருவராகக் கைகழுவுகிறார்கள். கடைசியில் அந்த வீட்டுச் சின்னப்பெண் மட்டும் உண்மையைச் சொல்கிறாள். பெரியப்பா முதலாளி, நான் சின்னப்பெண்.

வேலைக்காரிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒத்திகைக்கு வந்த அன்ரிமார் எல்லோருக்கும் அந்த ஏழைப் பெண்ணில் அளவில்லாத இரக்கம்; தங்கள் பிள்ளை விளக்குமாறோடு மேடையில் நிற்பதற்கு மட்டும் சம்மதமில்லை. நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது சொல்லிக் காட்டுவார்களாம்.

கடைசியில் அம்மா, தன்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ஓர் அக்காவைக் கூட்டிவந்தார். இரண்டு பஸ் மாறி, ஞாயிறு தவறாமல் பெரியப்பா வீட்டுக் கீழ்த்தளத்து பேஸ்மென்றில் நடந்த ஒத்திகைக்கு அந்த அக்கா வந்தார். முதல் நாள் எஜமானி ஏசும்போது அவர் அழவில்லை. தலையைக் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு என் வசனம் மறந்துபோயிற்று. அக்கா பள்ளிக்கூடத்தில் நடித்தவராம். திரும்பவும் ஒருநாள் மேடையேற வேண்டும் என்று எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டவராம்.

மூன்றாம் ஞாயிறு, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே பெரியம்மா கேட்டார்:

“பிள்ளை ஊரிலை எந்தப் பக்கம்?”

அக்கா ஊரின் பெயரைச் சொன்னார். அது போதவில்லை. எந்த றோட்டு, எந்தக் கோயிலடி என்று பெரியம்மா விடாமல் துருவினார். கோயிலின் பெயரைக் கேட்டதும் “ஓ” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது, அக்காவுக்கு மட்டும் குடித்தபின் எறிகிற ஃபோம் கப்பில். எனக்கும் அந்தக் கப்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். எல்லாம் விளங்கியும் அவர் வாய் திறக்கவில்லை. அதையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் கிழமையே பெரியப்பாவுக்குத் திடீரென்று கலை பிடிபட்டது. இறந்தவளை மேடையில் காட்டவே கூடாது, யாரும் உட்காராத ஒரு கதிரையில் அவளுடைய சேலையைப் போட்டுவிட்டால் போதும், அதுதான் நவீன நாடகம் என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் அந்த முதலாளிக்குத் தைரியம் வரவில்லை. ரெலிபோனை எடுத்து என் கையில் தந்தார்.

“நாடகம் போட ஹோல் கிடைக்கேல்லையாம், நடக்காதாம் எண்டு சொல்லு.”

சொன்னேன். சரியம்மா என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார். ஒத்திகை தொடர்ந்து நடந்தபோது, பெரியப்பா எப்படியோ ஹோல் பிடித்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். தமிழ்க் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் நாடக நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா அரிசி வாங்கப் போகவே மாட்டார் என்று நினைத்தார்களோ, இல்லை, பார்த்தால்தான் என்ன என்று நினைத்தார்களோ தெரியாது.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சேலை போட்ட கதிரையைப் பார்த்துப் பெரியப்பா விம்மி விம்மி அழுதார். நான் முன்னால் வந்து, இந்தச் சாவுக்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு என்று உரத்துச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அப்போதுதான் மூன்றாம் வரிசையில், ரிக்கெற் வாங்கிக்கொண்டு வந்து இருந்த அக்காவைக் கண்டேன். அவர் கைதட்டவில்லை.

முடிந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என் கன்னத்து மேக்கப்பை விரலால் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“ஹோல் கிடைச்சிட்டுதோ, பிள்ளை?”

“ஓம் அக்கா, கிடைச்சிட்டுது” என்றேன், அவருக்கும் அது சந்தோசமாக இருக்கும் என்று நம்பி.