காமகுராவுக்கு எந்த மாதம் போவது?

ஜப்பானில் கடலோரம் இருக்கும் காமகுரா என்ற பழைய ஊருக்குப் போவது முடிவாகிவிட்டது. எப்போது என்பதில்தான் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் சண்டை.

எனக்கு மார்ச் கடைசியில் போய் செர்ரிப் பூ பார்க்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஜூனில்தான் லீவு.

"ஜூன்ல அங்க மழை லா! நனையறதுக்கா டிக்கெட் எடுத்துப் போறோம்?" என்று நேற்றுகூடக் கத்தினேன்.

இன்று தேக்காவில் ஒரு புடவைக் கடையில், பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி இரண்டு நீலப் புடவைகளைக் காட்டி, எது நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேச்சு வளர்ந்தது. அவர் பிறந்ததே காமகுராவில்தானாம்!

விடுவேனா? எந்த மாதம் போகலாம் என்று கேட்டேன்.

யோசிக்காமல் ஜூன் என்றார். கோயில் படிகளின் இரு பக்கமும் ஹைட்ரேஞ்சியா நீலம் நீலமாகப் பூத்திருக்குமாம். மழையில் நனைந்தால்தான் அந்தப் பூவுக்கே அழகாம்.

வீட்டுக்கு வந்ததும் கடையில் கேட்டதைச் சொல்லி, "சரிங்க, ஜூன்லயே போலாம்," என்றேன்.

என் கணவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "தீபாவளி லீவ ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டு, இன்னைக்குத்தான் அவன்கிட்ட மார்ச் லீவ வாங்கிட்டு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து தீபாவளியன்று வேலைக்கே போகாத மனிதர். நானே அந்த நண்பரைக் கூப்பிட்டு, லீவைப் பழையபடி மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

ஆக, ஜூன்.

"ஒரு வாரமா நான் சொன்னேன், கேக்கல. கடையில யாரோ சொன்னா உடனே கேப்பியா?" என்று இப்போது புதுச் சண்டை. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.